பத்துப் பென்சிலும் ரிஜெக்ட்

ஸ்பானிஷ் மொழியில் எனக்குப் பத்துச் சொற்கள் தெரியும். பத்தும் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். பென்சில், நோட்டு, ரப்பர், ஸ்கேல், கத்தரிக்கோல், பசை, பேனா, ஷார்ப்னர், பென்சில் டப்பா, கடைசியாக அந்தப் பை. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. ஆனால் விழித்திருக்கும்போது ஒரே ஒரு நாள் கேட்டார்கள். ஸ்பெயினிலிருந்தே ஓர் அம்மாள் வந்து, எங்கள் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பேசப்போவதைக் கேட்கக் காத்திருந்தார். அன்றைக்குப் பத்தில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. வராததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மறந்துபோனதை மறைக்க நான் ஒரு காரியம் செய்தேன். அதை ரொம்ப நாளாக என் சாதனைகளில் ஒன்றாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

திருப்பூரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஒரு பனியன் கம்பெனிக்கு முதலாளி. அனுப்பர்பாளையம் போகிற வழியில் கம்பெனியும் பள்ளிக்கூடமும் அக்கம்பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெற்றோர், இந்தப் பக்கம் பிள்ளைகள். காலையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சங்கு. சாயங்காலம் மட்டும் இந்தப் பக்கம் நாலு மணிக்கு மணி அடிக்கும். அந்தப் பக்கம் அடிக்காது. முதலாளியின் சரக்கில் பெரும்பகுதி ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்கள் என்று போர்டு வைத்த மறுவாரம், எங்கள் வாசலிலும் ஒரு போர்டு முளைத்தது. ஸ்பானிஷ். வாத்தியாரைத் தேடவேண்டிய சிரமம் இருக்கவில்லை. என் சித்தி கைவசம் இருந்தாள்.

சித்தி, என் அம்மாவுக்குத் தங்கை. அதே கம்பெனியில் நாலு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்பதை உள்ளே இருக்கிற டெய்லரும் சாயம் போடுகிற டையிங்காரரும் புரிந்துகொள்ளும்படி சொல்வதும், இவர்கள் செய்துவைத்ததை பையர் மன்னிக்கும்படி சொல்வதும் அந்த வேலை. ஸ்பெயினில் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம் தாண்டிவிடும். அவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்து, ஆற அமர மெயில் அனுப்பி, அதற்கு இவள் பதில் போட்டு வீடு திரும்புவதற்குள் அவளுடைய மூன்று வயது மகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். பாப்பா நாள் முழுக்க எங்கள் வீட்டில்தான். அதனால் அவள் என் அம்மாவை 'அம்மா' என்றும், தன் அம்மாவை என்னைப் போலவே 'சித்தி' என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சித்தியும் சிரித்தாள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, பள்ளிக்கூட வேலை என்றதும் ஓடி வந்தாள். கம்பெனிச் சம்பளத்தில் பாதிதான். ஆனாலும் நாலு மணி. சித்தியின் கணக்கில் அந்த நாலு மணிதான் சம்பளம். முதலாளி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மூணு மாசம் பாப்பமுங்க அம்மிணி. ஸ்பெயின்லருந்து பையர் அம்மா வர்றப்ப நம்ம புள்ளைக நாலு வார்த்தை பேசிக் காட்டட்டும். அவங்களுக்குப் புடிச்சுதுன்னா இந்த வேலை உங்களுக்குத்தானுங்க, நெரந்தரமா."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சித்திக்கும் ஸ்பானிஷ் தெரியாது. கம்பெனியில் இருந்தபோது, பள்ளிக்கூடம் திறக்கிற சீசனுக்கென்று ஒரு பெரிய ஆர்டர் வந்ததாம். குழந்தைகளுக்கான டி-ஷர்ட்டு, பத்து டிசைன். ஒன்றில் பென்சில் படம், இன்னொன்றில் நோட்டு, இன்னொன்றில் ரப்பர். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதன் பெயர். ஓர் எழுத்து பிசகினாலும் அந்த லாட் சரக்கு முழுவதும் திரும்பி வரும் என்பதால் சித்தி அந்தப் பத்துப் பெயர்களையும் மூன்று மாதம் ஜபித்திருக்கிறாள். அவளுடைய ஸ்பானிஷ் இலக்கியப் பயிற்சி அவ்வளவுதான். மீதி எல்லாம் மெயிலில் வந்த புகார் வாசகங்கள். கலர் வேறாக இருக்கிறது, அளவு குறைகிறது, ஏன் தாமதம், அப்ரூவ் ஆன சாம்பிள் எங்கே. இந்த இரண்டாவது வகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று முடிவுசெய்து, முதல் பத்தை வைத்து மூன்று மாதத்தை ஓட்டத் துணிந்தாள்.

பத்துச் சொல்லுக்கு மூன்று மாதம் என்றால் புதிது புதிதாக ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். சித்தி கம்பெனியில் கற்றதையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவந்தாள்.

முதல் நாளே மேசைமேல் பத்துப் பொருள்களையும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைக் கட்டி, அட்டையில் அதன் ஸ்பானிஷ் பெயரை எழுதி, 'அப்ரூவ்டு' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். "இதுதான் சாம்பிள். லாபிஸ்னா இந்தப் பென்சில். உங்க பையில இருக்கறது இதோட ஒத்துப் போச்சுன்னா அதுவும் லாபிஸ்." வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் விழித்திருப்பார்கள். எங்களுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. உலகத்தில் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் ஒரு சாம்பிள் வேண்டும், அதில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம்.

அடுத்த வாரம் துணியில் விலைச்சீட்டை அடிக்கிற டேக் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். வகுப்பில் உள்ள பொருள்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு அடிக்கும் விளையாட்டு. பைகளுக்கு 'மொச்சிலா', நோட்டு அட்டைகளுக்கு 'குவாதெர்னோ'. இருபது நிமிடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு துப்பாக்கி கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. மூலையில் சாத்தியிருந்த தமிழ் ஐயாவின் குடைக்கு எவனோ 'சகாபுந்தாஸ்' என்று ஒரு சீட்டை அடித்துவிட்டான். ஷார்ப்னர் என்று அர்த்தம். ஐயா அதைப் பார்த்தார். அது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் என்று எண்ணியிருக்க வேண்டும். கடைசிவரை பிய்க்கவில்லை. குடையைக் கொஞ்சம் மரியாதையோடு பிடிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது விளையாட்டு, பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்வது. கம்பெனியின் வெட்டுத்துணியில் தைத்த ஒரு சுருக்குப் பைக்குள் ரப்பரோ கத்தரிக்கோலோ இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட வேண்டும். முதலில் போன பையன் பையை வெளியிலிருந்தே இரண்டு விரலால் தேய்த்துவிட்டு, "மிஸ், இது நூத்தியெம்பது ஜி.எஸ்.எம்.முங்க" என்றான். அடுத்தவன், "இல்லீங் மிஸ், நூத்தியறுபதுதான். எங்கப்பன் நிட்டிங்லதான இருக்குது, எனக்குத் தெரியாதா?" என்றான். துணியின் கனத்தைப் பற்றிய விவாதம் மணி அடிக்கும்வரை நடந்தது. உள்ளே இருந்த ரப்பரை யாரும் தொடவே இல்லை. சித்தி நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் கற்றுக்கொண்டோம். மூன்றாவது மாதம் கேண்டீனில்கூட ஒருவனுக்கொருவன் "கோமா குடுடா" என்று ரப்பர் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பையர் அம்மா வருகிற நாள் தெரிந்தது. சித்தி, அன்றைக்குக் காட்ட 'கடை விளையாட்டு' என்று ஒன்றைத் தயார் செய்தாள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்க வருகிறவர். வருகிறவர் ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கடைக்காரர் பெயரைத் திரும்பச் சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும். பத்து முறை. தப்புச் செய்ய இடமே இல்லாத நாடகம். அதனால்தான் எனக்கும் அதில் ஒரு வேடம் கிடைத்தது என்று பிற்பாடு புரிந்தது. அப்போது நான் நினைத்த காரணம் வேறு: என்னிடம் கோட் இருந்தது. சித்தப்பா தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட். போட்டால் எனக்கு முழங்காலைத் தொடும். கோட் போட்டவன்தான் பையர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைக்காரி ஜெபராணி. அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் செக்கிங்கில் இருந்தார். தைத்துவரும் பனியன்களில் ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்த்துப் பிரிக்கிற வேலை. அந்தப் பகுதிக்கு சூப்பர்வைசர் என் அப்பா.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது விளங்காது. அவர் எதையும் செக் செய்யாமல் ஏற்றுக்கொண்டதில்லை. கத்தரிக்காயை வெயிலில் காட்டித் திருப்பிப் பார்ப்பார். என் மார்க் ஷீட்டை முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிக நேரம் பார்ப்பார். தோசையைத் தட்டிலிருந்து இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "புடிச்சிருந்தாத் தின்னுங்க. இல்லாட்டி ரிஜெக்ட் பண்ணிப்போட்டு எந்திரிங்க."

அந்த வாரம் அப்பா தோசையைக்கூட செக் செய்யவில்லை. கம்பெனியில் பிரச்சினை. ஸ்பெயினுக்குப் போக வேண்டிய சிவப்புக் குழந்தைச் சட்டைகள் ஒரு பெரிய லாட், பேக்கிங் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவில் சிவப்பு வேறு மாதிரி இருக்கிறது, நாங்கள் ஒப்புக்கொண்டது இந்தச் சிவப்பு அல்ல என்று பையர் மெயில் போட்டிருந்தார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் விஷயம் முடிந்துபோகும். சாம்பிளைக் காணோம். சித்தியின் இடத்துக்கு வந்த புதுப் பையன் ஆபீஸைத் தலைகீழாக்கிவிட்டான்; சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சித்தியைக் கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பையர் அம்மா நேரில் வருவது அதற்காகத்தான். எங்கள் ஸ்பானிஷைக் கேட்பதற்காக அல்ல. எங்களைக் காட்டி அவர் மனதைக் கொஞ்சம் குளிர்வித்துவிட்டுப் பிறகு சட்டைகளைக் காட்டலாம் என்பது முதலாளியின் திட்டம். "லாட் போச்சுன்னா செக்கிங்ல பாதிப் பேரை நிறுத்தச் சொல்லிருவாங்க" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே பேச்சு ஜெபராணி வீட்டிலும் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கவலையெல்லாம் கோட்டுக்கு அடியில் அரைக்கால் சட்டை தெரியுமா தெரியாதா என்பதுதான்.

அந்த நாளும் வந்தது. பையர் அம்மா கோட் போட்டிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. பருத்தியில் சுடிதார் போட்டு, வெயிலில் முகம் சிவந்து, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் மெர்ச்சண்டைசர் பையன். கரும்பலகையருகே சித்தி, பட்டுப்புடவையில். கையில் சாக்பீஸ். தூரத்தில் பாத்திரப் பட்டறைகளில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெபராணி மேசைக்குப் பின்னால் நின்றாள். மேசைமேல் பத்துப் பென்சில்கள் ஒரு கட்டாக, பக்கத்தில் நோட்டு, ரப்பர், மற்றவை. நான் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "ஓலா" என்று வணக்கம் சொன்னேன். பையர் அம்மா முகமெல்லாம் மலர்ந்து, "ஓலா!" என்று எனக்குத் திருப்பிச் சொன்னார். அது நாடகத்தில் இல்லாதது. அந்த இடத்தில் ஜெபராணிதான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், என் தலைக்குள் எழுதியிருந்ததை எல்லாம் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. பென்சிலைப் பார்த்தேன். அது பென்சில். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"ஏல, லாபிஸ் சொல்லு" என்றாள் ஜெபராணி, உதடு அசையாமல். மொத்த வகுப்புக்கும் கேட்டது; எனக்குக் கேட்கவில்லை.

சும்மா நின்றால் மறந்துவிட்டது தெரிந்துவிடும். ஏதாவது செய்ய வேண்டும். கோட் போட்ட ஒருவர் ஒரு பொருளின் முன்னால் நின்றால் என்ன செய்வார்? என் கைகளுக்குத் தெரிந்திருந்தது. கட்டிலிருந்து ஒரு பென்சிலை உருவினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு கண்ணை மூடினேன். மெல்ல உருட்டினேன். கட்டைவிரல் நகத்தால் பெயின்ட்டைக் கீறிப் பார்த்தேன். நான் இன்னும் விலைக்குக் கேட்டிராத ஸ்கேலைக் கடையிலிருந்தே எடுத்து நீளம் அளந்தேன். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினேன். "நோ" என்று இடது பக்கம் ஒதுக்கி வைத்தேன். 'நோ'வுக்கு ஸ்பானிஷிலும் 'நோ'தானாம். அன்றைக்கு நான் பேசிய உருப்படியான ஸ்பானிஷ் அதுதான்.

இரண்டாவது பென்சில். நோ. மூன்றாவது. நோ. இது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ஐந்தாவதில் பின்பெஞ்சில் ஒருவன் பெருமூச்சு விட்டான். பத்தாவதையும் இடது பக்கம் வைத்துவிட்டு, எனக்கே புரியாத ஒரு நிம்மதியோடு கைகளைத் தட்டிக்கொண்டேன். பத்தும் ரிஜெக்ட்.

ஜெபராணியின் முகம் மாறியிருந்தது. அது நாடகத்து முகம் இல்லை.

"என்னல குறை இதுல?" என்றாள்.

நான் கோட்டின் கையை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டேன்.

"சொல்லுல. பத்து பென்சிலு, பத்தையும் ஒதுக்கிட்ட. என்ன குறைன்னு சொல்லிட்டு வேண்டாம்னு சொல்லு."

"ஷேட் வேறயா இருக்குது" என்றேன். அப்பாவின் குரல் எங்கிருந்தோ எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "லைட்டுல பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். வெயில்ல பாரு."

"வா, வெயிலுலயே பாப்போம்!" மேசையின் ஓரத்தில் சித்தி கையெழுத்துப் போட்டு அட்டை கட்டிய பென்சில் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, என் கோட்டைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள். "இந்தா, அப்ரூவ்டு சாம்பிளு. மிஸ் கையெழுத்து இருக்கா? இருக்குல்லா? இப்போ ரெண்டையும் சேத்து வச்சிப் பாரு. கண்ண நல்லாத் தொறந்து பாருல. எங்க இருக்கு ஷேடு?"

அதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பையர் சொன்னாச் சொன்னதுதான்டா, வெலையக் கொறச்சுக் குடுத்துப்போடு!" என்றது ஒரு குரல். "அதெப்படிக் கொறைக்கறது? சாம்பிள் இருக்குதல்ல?" என்றது இன்னொன்று. "மறுக்கா டையிங் போடச் சொல்லுடா!" "பிளேன்ல அனுப்பச் சொல்லுவாங்க பாரு இப்ப!" முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பெற்றோர் வீட்டில் பேசிய அத்தனையையும் அந்த ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டார்கள். ஸ்பானிஷில் ஒரு சொல் இல்லை. முதலாளி கைக்குட்டையை எடுத்தார்.

பையர் அம்மா முதலாளியிடம் ஏதோ கேட்டார். முதலாளி மெர்ச்சண்டைசர் பையனைப் பார்த்தார். பையன் மின்விசிறியைப் பார்த்தான். அப்போது சித்தி பேசினாள். மெயிலில் மட்டுமே படித்து, ஒருநாளும் வாயால் சொல்லியிராத சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். என்னைக் காட்டி, "கொலோர் திஃபெரெந்தே" என்றாள். கலர் வேறு என்கிறான். ஜெபராணியைக் காட்டி, "முவெஸ்த்ரா அப்ரொபாதா. இகுவால்" என்றாள். அப்ரூவ் ஆன சாம்பிள், அதேதான் என்கிறாள்.

பையர் அம்மா ஒரு கணம் திகைத்துவிட்டு, வெடித்துச் சிரித்தார். நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் குனிந்து வணக்கம்கூடச் சொன்னேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, ஜெபராணி கையிலிருந்த அட்டை கட்டிய பென்சிலைப் பார்த்து, முதலாளி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். நம்முடைய சாம்பிள் எங்கே? நான் கையெழுத்துப் போட்டது?

பட்டறைச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"அம்மிணி" என்றார் முதலாளி, மிக மெல்ல. "நீங்க இருந்தப்ப வந்ததுதானுங்களே அது. எங்கீங்க வெச்சீங்க?"

சித்தி ஜெபராணியைப் பார்த்தாள். கையிலிருந்த சாக்பீஸை டப்பாவில் போட்டாள். டப்பாவை மூடினாள். விரல்களைப் புடவை முனையில் துடைத்துக்கொண்டாள். எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறாள் போலும் என்று நினைத்தேன். சித்தி எதையும், எங்கே வைத்தோம் என்று ஒரு நாளும் யோசித்தவள் அல்ல என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

"ரெண்டாவது பீரோ, கீழ்த்தட்டுங்க" என்றாள். "நீலக் கவரு. அதுக்கு மேல பிஸ்கட் டப்பா வெச்சிருப்பாங்க."

மெர்ச்சண்டைசர் பையன் ஓடினான். பிஸ்கட் டப்பாவை அவன்தான் வைத்திருந்தானாம். அரைமணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சட்டையும் சாம்பிளும் வெயிலில் ஒன்றாக விரிக்கப்பட்டன. பையர் அம்மா சூரியனுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, உருட்டி, எல்லாம் செய்து பார்த்தாராம். கடைசியில் "இகுவால்" என்றாராம். லாட் தப்பித்தது. செக்கிங்கில் யாரையும் நிறுத்தவில்லை. அப்பா அன்றைக்குத் தோசையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். சித்தியும் பாப்பாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பாப்பா அவள் மடியில் உட்கார்ந்து சகாபுந்தாஸால் ஒரு கிரேயானைச் சீவித் தீர்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி இனிப்புப் பெட்டியோடு வந்தார். முதலாளி எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அப்பா நாற்காலியை ஒருமுறை செக் செய்துவிட்டுத்தான் போட்டார்.

"அம்மிணி, நீங்க பென்சிலு ரப்பருன்னு அங்க கெடக்கற ஆளுங்களா?" என்று ஆரம்பித்தார். "பேசாம கம்பெனிக்கு வந்துருங்க. பழைய சம்பளத்துல ரெண்டு மடங்குங்க. பையர் அம்மாவே கேட்டுட்டாங்க, இனி எங்களுக்கு அவங்கதான் மெயில் போடோணும்னு."

அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சித்தப்பா ஃபோனில் கேட்டுவிட்டு உடனே சரி சொல்லிவிட்டார். சித்தி மட்டும் பாப்பாவின் கையிலிருந்த ஷார்ப்னரை வாங்கி, உள்ளே சிக்கிய மெழுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "நாலு மணிக்கு விட்டுருவீங்களாங்க?"

முதலாளி சிரித்தார். "நம்ம நாலு மணிக்குத்தானுங்க அம்மிணி, அங்க அவங்களுக்கு வேலையே சூடு புடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இனிப்புப் பெட்டியில் முந்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி அடுப்படியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று ஒன்று உண்டு எனப் பாடத்தில் படித்திருந்தேன். முதன்முதலாக நேரில் பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் கணிப்பு சரி.

போர்டிலிருந்த ஸ்பானிஷை அழித்து அபாகஸ் என்று எழுதினார்கள். அபாகஸ் வாத்தியார் கிடைக்கிறவரை அந்தப் பீரியடைத் தமிழ் ஐயாவுக்குக் கொடுத்தார்கள். அவர் குடையோடு வந்தார். குடையில் அந்தச் சீட்டு அப்படியே தொங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் என்று கடைசியாக மிஞ்சியது அதுதான். ஜெபராணி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் ரப்பர் கேட்டாள். ஸ்பானிஷில் அல்ல.

பாப்பா மறுபடியும் எங்கள் வீட்டுப் பிள்ளையானாள். நாலு மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நாள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் என் அம்மாவை 'அம்மா' என்றும், தன் அம்மாவைச் 'சித்தி' என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எல்லா விஷயத்திலும் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

சித்தி அந்தக் கம்பெனியில் படிப்படியாக உயர்ந்து, ஸ்பெயின் ஆர்டர்கள் முழுவதையும் பார்க்கும் மேனேஜராகி, நன்றாகவே இருந்தாள். இது என் புகழ்பெற்ற கதைகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. போன வருடம் பாப்பாவின் நிச்சயதார்த்தத்தன்று, பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை எடுத்துவிட்டேன். கோட், ஜன்னல், பத்துப் பென்சில், எதையும் விடவில்லை. பென்சிலை உருட்டிக் காட்டுவதற்கு ஓர் ஊதுவத்தியை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஆகமொத்தம், அன்னைக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை மறக்கலைன்னா எங்க சித்தி இன்னைக்கு மேனேஜர் இல்லீங்க" என்று வழக்கம்போல முடித்தேன்.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரே ஒரு லாபிஸ்தான் கண்ணு" என்றாள். "அதைச் சொல்லியிருந்தீன்னா, நான் நாலு மணிக்கு ஊட்டுக்கு வந்திருப்பேன்."